காற்றின் மேல் நான் போட்ட பழி

இந்த ஆண்டு காற்றுக் காலம் தொடங்குவதற்கு முன், புதிதாக வேலைக்கு வந்த லைன்மேன்களுக்கும் இளம் பொறியாளர்களுக்கும் ஒரு வகுப்பு எடுக்க என்னை அழைத்தார்கள். ஓய்வு பெற்ற பின் நான் தேனியில், அல்லிநகரத்தில், மகன் வீட்டு மாடியில் இருக்கிறேன். கார் அனுப்பிக் கூட்டிப் போனார்கள். காற்றில் மின்கம்பி அறுந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று பேசினேன். கை தட்டினார்கள். இறங்கும்போது ஓர் இளம் பெண் பொறியாளர், "சார், உங்க சர்வீஸ்ல உங்களால மறக்கவே முடியாத கேஸ் ஒண்ணு சொல்லுங்க" என்றார். நேரமாகிவிட்டது என்று சொல்லிக் காரில் ஏறிவிட்டேன்.

பேசியதை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். பேசியதெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் வந்ததை எழுதுகிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கின் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்புவதில்லை. மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஆனி, ஆடி மாதங்களில் மழை கொட்டும். அந்த மழையெல்லாம் முகட்டிலேயே தீர்ந்துபோகும். இந்தப் பக்கம் இறங்குவது வெறும் காற்று. வானம் நீலமாக இருக்கும், வெயில் சுள்ளென்று அடிக்கும், அதன் நடுவே கூடலூர்ப் பக்கமிருந்து ஓர் இரைச்சல் கிளம்பி வரும். லாரி வருகிறது என்று ஒதுங்குவோம். லாரி இருக்காது. தென்னைகள் எல்லாம் ஓலைகளை ஒரே பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கும். மேகமலைச் சரிவில் ஓர் ஓடை வெள்ளை நூலாக இறங்குவது எங்கள் அலுவலக வாசலிலிருந்தே தெரியும். காற்று முற்றிய ஒரு நாள், அந்த நூல் பாதி வழியில் மடங்கி மேல்நோக்கிப் போனதைப் பார்த்தேன். தண்ணீர் மலையேறிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் இருந்த எல்லோரும் வெளியே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அந்த நேரத்தில் வேலை, பதவி, புகார் எதுவும் யாருக்கும் நினைவில்லை.

நான் மதுரையில் பொறியியல் படித்தவன். படிப்பு, பயிற்சி, முதலில் வேலை பார்த்த ஊர்கள் எல்லாவற்றையும் ஒரு வரியில் முடித்துவிடலாம். கம்பியில் மின்சாரம் எப்படிப் போகும் என்று கற்றுக்கொண்டேன். காற்று எப்படிப் போகும் என்று யாரும் கற்றுத் தரவில்லை.

பள்ளத்தாக்கில் ஒரு பிரிவு அலுவலகத்துக்கு உதவிப் பொறியாளராக மாற்றலாகி வந்தேன். எந்தப் பிரிவு என்பது வேண்டாம். வந்த முதல் ஆடியில், அனுமந்தன்பட்டிப் பக்கம் சாய்ந்த கம்பம் ஒன்றைப் பார்க்கப் போனபோது காற்று எங்களைப் பிடித்துக்கொண்டது. ஜீப் கதவைத் திறக்க முடியவில்லை. சாலைக்கு அப்பால் குலை தள்ளிய வாழைத் தோட்டம். முதல் வீச்சில் இலைகள் நார் நாராகக் கிழிந்தன. அடுத்த வீச்சில் தோட்டம் முழுவதும் கிழக்கே சாய்ந்தது. அதற்கடுத்த வீச்சில் மேற்கு வரப்பிலிருந்து தொடங்கி வரிசை வரிசையாக மரங்கள் படுத்தன. பெரிய கூட்டம் ஒன்று தரையில் விழுந்து கும்பிட்டது போல இருந்தது. அத்தனை மரங்கள் முறிந்த சத்தத்தையும் காற்று விழுங்கிவிட்டது. தோட்டக்காரர் எங்கள் ஜீப்பின் மறைவில் குந்தியிருந்தார். தலைத்துண்டை இரண்டு கையாலும் பிடித்தபடி, "முட்டுக் குடுத்த கம்பெல்லாம் அங்கனயே நிக்குது பாருங்க சார், மரத்த மட்டும் சாச்சுப்புட்டுப் போயிருச்சு" என்றார். அவர் அப்போது சிரித்தாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது.

எங்களுக்கு மேலே உதவிச் செயற்பொறியாளராக இருந்தவர் சிவசைலம். காற்றுக் காலத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வயர்லெஸ் செட்டின் பக்கத்தில் நின்றபடியே சாப்பிடுவார், நின்றபடியே கையெழுத்துப் போடுவார். கடைநிலை உதவியாளர் வரை எல்லோரையும் 'வாங்க, போங்க' என்பார். குரலை உயர்த்த மாட்டார்.

அவர் வகுத்த விதி ஒன்று இருந்தது. அதைப் புரிந்துகொள்ள எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே சப்-ஸ்டேஷன் இருக்கும். அங்கிருந்து புறப்படும் பதினோராயிரம் வோல்ட் லைனைப் பீடர் என்போம். வழியில் கம்பி அறுந்தாலோ, ஒன்றோடொன்று உரசினாலோ, சப்-ஸ்டேஷனில் பிரேக்கர் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். உடனே பிரேக்கரை ஒரு தடவை ஏற்றிப் பார்ப்பது வழக்கம். இதற்கு டெஸ்ட் சார்ஜ் என்று பெயர். கோளாறு இன்னும் இருந்தால் மறுநொடியே மீண்டும் விழும். விழாமல் நின்றால் லைன் சரியாக இருக்கிறது என்று பொருள். அப்படித்தான் நாங்கள் நம்பினோம். காற்றுக் காலத்தில் மட்டும் சிவசைலம் சார் இதைத் தடுத்திருந்தார். ஆள் நடந்து போய் லைனைப் பார்த்து வர வேண்டும். அதன் பிறகுதான் ஏற்றலாம்.

பார்த்து வந்த லைன்மேனிடம் அவர் விசாரிக்கும் விதமும் தனி.

"பாண்டி, லைன் எப்படி இருக்கு?"

"கம்பியெல்லாம் ஜம்முனு இருக்கு சார்."

"கம்பி இருக்கட்டும். கம்பிக்குக் கீழ என்ன இருந்துச்சு?"

"கீழயா? ஒரு ஆட்டுக் கெடை. ரெண்டு வைக்கப் படப்பு. அப்புறம் பொண்ணு பாக்கப் போற கூட்டம் ஒண்ணு வேன நிப்பாட்டிட்டு நின்னாக சார்."

"பொண்ணு எந்த ஊராம்?"

"அதக் கேக்கல சார். மாப்பிள்ளையத்தான் பாத்தேன். காத்துல தலமுடி கலஞ்சு போயி, அழுகிற மாதிரி நின்னாரு."

"சரி, அவுக போனப்புறம் ஏத்துங்க" என்பார் சிவசைலம் சார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

யாராவது தவறு செய்தால் திட்ட மாட்டார். தன் பிளாஸ்கைத் திறந்து அவனுக்கு முதல் டீயை ஊற்றிக் கையில் கொடுப்பார். அவன் குடித்து முடிக்கும் வரை எதிரே நிற்பார். அவ்வளவுதான். அந்த டீயைக் குடித்த எவனும் அந்தத் தவறை மறுபடி செய்ததில்லை. ஒருவன் தாமதமாக வந்தால், "ஏலே, இன்னைக்கு உனக்கு டீ இருக்குடா" என்று மற்ற லைன்மேன்கள் கேலி செய்வார்கள்.

அவருக்குத் தெரியாமல் எங்கள் பிரிவில் நான் கொண்டுவந்த பழக்கம் ஒன்று உண்டு. காற்று நாளில் டெலிபோன் ஓயாது. கைபேசி இன்னும் ஊருக்குள் பரவாத காலம் அது. ஒரே மேசைப் போன்தான். "கரண்டு ஆபீசா? எப்ப வரும்?" என்று ஒருவர் கேட்டு வைத்தவுடன் அடுத்தவர் கூப்பிடுவார். "மோட்டார் ஓடலன்னா என் திராச்சக் கொடி காஞ்சுரும் சார், கொஞ்சம் பாத்து விடுங்க" என்பார். "என்னங்கய்யா, போன எடுக்கவே மாட்டேங்கிறீக? காத்துல நீங்களும் பறந்து போயிட்டீகளோன்னு நெனச்சேன்" என்பார் இன்னொருவர். பதில் சொல்லி அலுத்து, ஒரு நாள் ரிசீவரை எடுத்து மேசையில் படுக்க வைத்தேன். கூப்பிடுபவர்களுக்கு எங்கேஜ்டு சத்தம் கேட்கும். அறை அமைதியானது. "அதுக்கும் கொஞ்சம் ரெஸ்ட்டு வேணும்ல சார்" என்று பாண்டி சிரித்தான். சப்-ஸ்டேஷனோடு பேசத் தனியாக வயர்லெஸ் இருந்ததால் வேலை கெடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றிலிருந்து காற்று அடித்தால் ரிசீவர் கீழே.

இனி அந்த நாள்.

காலையிலிருந்தே காற்று பேய்த்தனமாக அடித்தது. பெட்டிக்கடைக் கூரைத் தகரம் ஒன்று அலுவலகத்துக்கு மேலே, பறவை போல, அவசரமே இல்லாமல் பறந்து போனதைப் பார்த்தேன். வடக்கே ஒரு லைன் மேல் தென்னை விழுந்து, பாண்டியும் மற்ற ஆட்களும் அதை வெட்டப் போயிருந்தார்கள். அலுவலகத்தில் நான் மட்டும். ரிசீவர் மேசையில் படுத்திருந்தது. உச்சி வேளையில் சப்-ஸ்டேஷன் ஆபரேட்டர் செல்லத்துரை வயர்லெஸ்ஸில் வந்தார்.

"சார், தெக்குப் பீடர் விழுந்துருச்சு."

"கம்பி உரசியிருக்கும். ஏத்திப் பாரு."

"பெரிய சார், லைன் பாத்துட்டுத்தான் ஏத்தணும்னு..."

"பாக்க ஆளு எங்கய்யா இருக்கு? அவுக வடக்க மரம் வெட்டிக்கிட்டு இருக்காக. ஒரு தடவ ஏத்து. நிக்கலன்னா விட்ரு."

சிறிது நேரம் கரகர சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "நின்னுருச்சு சார்" என்றார்.

"பாத்தியா?" என்றேன். யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. கையைக் கழுவிவிட்டுச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தேன்.

அப்போது தெற்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை மறுநாள் விசாரணையில் அவரவர் சொல்லக் கேட்டேன்.

ராயப்பன்பட்டி போகும் வழியில் இஸ்மாயில் ராவுத்தரின் திராட்சைத் தோட்டம். திராட்சைப் பந்தலைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வரிசையாகக் கல்தூண்களை நட்டு, அவற்றின் தலையில் இரும்புக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஏக்கர் கணக்கில் விரிந்த ஒரே கம்பி வலை. அதன் மேல் கொடி படரும், கீழே கொத்துகள் தொங்கும். ஆள் நிமிர்ந்து நின்றால் தலை கம்பியில் படும். அந்தத் தோட்டத்துக்குக் குறுக்கேதான் எங்கள் தெற்குப் பீடர் போகிறது.

அன்று அறுவடை. ராயப்பன்பட்டியிலிருந்து வந்த பெண்கள் கொத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய காற்று வந்தால் தோட்டத்து ஆட்கள் பந்தலின் நடுவே போய் உட்கார்ந்துகொள்வது இங்கே வழக்கம். வெளியே தென்னை மட்டை பறக்கும், ஓடு பறக்கும். பந்தலுக்கு அடியில் காற்று தவழ்ந்துதான் வரும். அவர்களும் நடுவே போய் உட்கார்ந்தார்கள்.

எங்கள் கம்பி அறுந்தது. அறுந்து ஆடியபோது பக்கத்துக் கம்பியை உரச, சப்-ஸ்டேஷனில் பிரேக்கர் விழுந்தது. கம்பி பந்தலின் ஒரு மூலையில் வந்து படுத்தது. தோட்டத்து மோட்டார் நின்றதைப் பார்த்து மின்சாரம் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. ராவுத்தர் விவரமானவர். "யாரும் பந்தல்ல கை வைக்காதீக. நான் போயி ஆபீசுக்குச் சொல்லி, கரண்ட விடாமப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, டி.வி.எஸ். வண்டியில் சாலையோர டீக்கடைக்குப் போனார். அங்கிருந்து எங்கள் அலுவலகத்தைக் கூப்பிட்டார். வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார்.

அந்த இடைவெளியில், விழுந்த கம்பியின் பாரமும் காற்றும் சேர்ந்து மூலைத்தூணை ஆட்டின. அந்தத் தூண் சாய்ந்தால் பந்தலே சரிந்து, உட்கார்ந்திருக்கும் பெண்களின் மேல் விழும். அந்தோணி என்ற தோட்டத்து வேலையாள் கயிறு எடுத்துக்கொண்டு தூணை இழுத்துக் கட்டப் போனார். மின்சாரம்தான் இல்லையே. அவர் ஒரு கையால் பந்தல் கம்பியைப் பிடித்திருந்தபோது, நான் ஏற்றச் சொன்னேன்.

பிரேக்கர் ஏன் மறுபடி விழவில்லை என்று என்னைப் பல காலம் நானே கேட்டுக்கொண்டேன். அறுந்த கம்பி மண்ணில் விழுந்திருந்தால் விழுந்திருக்கும். அது பந்தலில் படுத்திருந்தது. தூண்கள் காய்ந்த கல். மின்சாரம் வலை முழுவதும் பரவி, வழி தேடி, கொடிகளைக் கண்டுபிடித்தது. ஒவ்வொரு கொடியும் உயிருள்ள, ஈரமுள்ள தண்டு. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிக்கொண்டிருந்தது. சப்-ஸ்டேஷனில் இருக்கும் கருவி அதைத் தோட்டங்களின் சாதாரணப் பயன்பாடு என்று எடுத்துக்கொண்டது. இத்தனை ஆண்டு இந்தத் தொழிலில் இருந்தவன் சொல்கிறேன், இதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. வெட்டவெளிச்சத்தில், நீல வானத்தின் கீழே, ஒரு தோட்டம் முழுவதும் பதினோராயிரம் வோல்ட்டைக் குடித்துக்கொண்டிருந்தது. இலைகள் பச்சையாகவே இருந்தன. பழங்கள் ஆடிக்கொண்டிருந்தன. அடியில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களைக் காப்பாற்றியவர் ஆரோக்கியமேரி. அந்தோணியின் மனைவி. கணவன் விழுந்ததை அவர்தான் முதலில் பார்த்தார்.

விசாரணையைச் சிவசைலம் சார் தோட்டத்திலேயே, அந்தத் தூணின் அருகில் நின்றபடி நடத்தினார். ஆரோக்கியமேரியை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"அவரு கையில இருந்த கவுறு பொகஞ்சுச்சுங்க" என்றார். "அப்பவே தெரிஞ்சுபோச்சு, கரண்டு வந்துருச்சுன்னு. தலைக்கு மேல சுர்ருனு ஒரு சத்தம், பந்தல் பூரா. வெல்லம் காச்சுற மாதிரி வாசம். உக்காந்த எடத்துல எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. எந்திரிச்சா தல கம்பியில முட்டும்ல. அதான் யாரும் எந்திரிக்காதீகன்னு கத்துனேன்."

பக்கத்தில் நின்ற ஒரு பெண் அழுதுகொண்டே குறுக்கிட்டார். "கத்துனாளா? அடிச்சாய்யா! எந்திரிச்சு ஓடப் பாத்த என்னக் கொண்டையப் புடிச்சு இழுத்துப் போட்டு, மேல ஏறி உக்காந்துக்கிட்டா. 'செத்தா நாளைக்குச் சாவுடி, இன்னைக்குக் குந்து'ன்னா. அவ புருசன் அங்கன கெடக்காரு. நாங்கெல்லாம் அந்தப் பக்கம் பாத்து அழுகுறோம். இவ திரும்பியே பாக்கல."

"பாத்தா போயிருப்பேன்க்கா" என்றார் ஆரோக்கியமேரி. "நான் எந்திரிச்சா நீங்களும் எந்திரிச்சிருப்பீக."

காற்று பந்தலை உலுக்க உலுக்க, கொத்துகள் அவர்களுடைய தலைக்குச் சற்று மேலே ஆடிக்கொண்டிருக்க, முழங்காலைக் கட்டிக்கொண்டு அத்தனை பேரும் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எவ்வளவு நேரம் என்று சிவசைலம் சார் கேட்டார். ஜெபமாலை ஒன்றை ஆரம்பித்ததாகவும், அது முடிவதற்குள் தலைக்கு மேலே சுர்ரென்ற சத்தம் நின்றுவிட்டதாகவும் சொன்னார்கள்.

போன் கிடைக்காமல் ராவுத்தர் டீக்கடையிலிருந்து நேராகச் சப்-ஸ்டேஷனுக்கு வண்டியை விட்டிருக்கிறார். வாசலில் நின்று அவர் கத்தியதைக் கேட்ட செல்லத்துரை, யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பிரேக்கரை இறக்கிவிட்டுத்தான் எனக்குச் சொன்னார். வயர்லெஸ்ஸில் நான் கேட்ட முதல் கேள்வியை மறைக்காமல் எழுதுகிறேன். "யாரக் கேட்டு நிறுத்துன?"

அன்று தோட்டத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோதும் காற்று அடங்கவில்லை. சில கொடிகளின் அடித்தண்டு வெந்து, பட்டை உரிந்து நீராவி வந்துகொண்டிருந்தது. சத்தம் நின்ற பிறகு, மற்றவர்களை எழ விடாமல் தான் மட்டும் தவழ்ந்து போன ஆரோக்கியமேரி, கணவனின் தலையை மடியில் வைத்திருந்தார். என்னைப் பார்த்தார். "நின்னுருச்சுங்களா சார்? இனிமே வராதுல்ல?" என்று கேட்டார். மற்ற பெண்கள் வெளியே வரலாமா என்பதற்காகக் கேட்டார். "வராதும்மா" என்றேன். அதன் பிறகுதான், "எல்லாரும் எந்திரிங்க" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார்.

தோட்டத்து விசாரணை முடிந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்தோம். நானும் சிவசைலம் சாரும் செல்லத்துரையும் மட்டும். லைன் பார்க்காமல் ஏன் ஏற்றச் சொன்னீர்கள் என்று சிவசைலம் சார் கேட்டார். ஆள் இல்லை, கம்பி அறுந்ததாக எந்தத் தகவலும் வரவில்லை என்றேன்.

"ராவுத்தர் கூப்பிட்டிருக்காரே."

"போன் கெட்டுப் போயிருந்துச்சு சார். காத்துல அந்த லைனும் போயிருச்சு."

ராவுத்தர் தோட்டத்தில், "போன் கெடைக்கல" என்று மட்டுமே சொல்லியிருந்தார். என்ன சத்தம் கேட்டது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. காற்று அன்று பல டெலிபோன் லைன்களை உண்மையாகவே அறுத்திருந்தது. என் பொய்யை யாரும் சோதிக்க முடியாது என்று நினைத்தேன்.

நான் சொல்லி வாய் மூடவில்லை, மேசைப் போன் மணியடித்தது. நான் கை வைக்கவில்லை. சிவசைலம் சார் எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். எதிர்முனையின் குரல் எனக்கும் கேட்டது. "அப்பாடா, எடுத்துட்டீகளா! நேத்துப் பூரா எங்கேஜ்டாவே இருந்துச்சே, யாருகிட்டங்க அப்படிப் பேசுறீக?"

"சொல்லுங்க" என்று புகாரைக் கேட்டுக்கொண்டு, ரிசீவரை மெதுவாக அதன் இடத்தில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. பிளாஸ்கைத் திறந்தார். முதல் டீயை என் கையில் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை நின்றார்.

விசாரணை முடிவு, இயற்கைச் சீற்றத்தால் நேர்ந்த விபத்து என்று வந்தது. கம்பியை அறுத்தது காற்று, தகவலைத் தடுத்தது காற்று. விதியை மீறி ஏற்றச் சொன்னதற்காக எனக்கு ஒரு சிறு தண்டனை கிடைத்தது. குடும்பத்துக்கு இழப்பீடு கிடைத்தது. சிவசைலம் சார் ஏன் அதற்கு மேல் போகவில்லை என்று எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்கத் துணிவில்லை. ஓய்வு பெற்றுத் தன் ஊருக்குப் போனார், அங்கேயே காலமானார். நான் பதவி உயர்ந்தேன். ரிசீவரை அதன் பிறகு ஒரு நாளும் கீழே வைத்ததில்லை. வீட்டில்கூட மணி ஒலித்தால் முதல் ஆளாக ஓடி எடுப்பேன். என் மனைவி இதைச் சொல்லிச் சிரிப்பாள். அவளிடமும் காரணத்தைச் சொன்னதில்லை.

அந்த வகுப்புக்குப் பிறகு, இளம் பொறியாளரின் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. ராயப்பன்பட்டிக்குப் பேருந்து ஏறினேன். கோயில் தெருவில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். ஆரோக்கியமேரி வாசலில், காற்றுக்கு விழுந்த தென்னோலைகளைக் குவித்து வைத்துக்கொண்டு, கத்தியால் ஈர்க்குச் சீவிக்கொண்டிருந்தார். பார்வை நன்றாக இருந்தது.

"கரண்டு ஆபீஸ் சார்தானே? ரொம்ப நரச்சுப் போயிட்டீக" என்று நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார். "ஒக்காருங்க. பையன் குமுளியில கட வச்சிருக்கான். பொண்ணு பெரியகுளத்துல கட்டிக் குடுத்திருக்கு. காப்பித்தண்ணி போடவா?"

"வேண்டாம்மா. ஒரு விசயம் சொல்லணும்." நின்றபடியே சொன்னேன். "அன்னைக்கு ஆபீஸ் போன் கெட்டுப் போகல. நான்தான் ரிசீவர எடுத்துக் கீழ வச்சிருந்தேன்."

அவர் கத்தியை நிறுத்தவில்லை. "கெட்டுப் போகலன்னுதான் தெரியுமே. எங்கேஜ்டா இருந்துச்சுன்னு ராவுத்தர் அன்னைக்குச் சாயங்காலமே சொல்லிட்டாரு."

அவர் தள்ளிவிட்ட நாற்காலியில் உட்கார்ந்தேன். "தெரிஞ்சும் ஏம்மா யாருகிட்டயும் சொல்லல?"

"சொல்லி? அந்தக் காத்துல எங்க தோட்டத்துல மட்டுமா கம்பி அறுந்திருக்கும்? எங்களுக்கு முந்தி வேற யாரோ கூப்பிட்டிருப்பாக. நீங்க அவுகளுக்குச் சொல்லிக்கிட்டு இருந்திருப்பீக, கம்பியத் தொடாதீக, தள்ளி நில்லுங்கன்னு. அவுக பொழச்சிருப்பாக." ஓர் ஈர்க்கைச் சீவிப் போட்டார். "புள்ளைக ரெண்டும் கேக்கும். அப்பா சாகுறப்ப அந்தாளு யாருகிட்ட பேசிக்கிட்டு இருந்தாருன்னு. நான் இதத்தான் சொல்லுவேன். உங்கப்பனுக்குக் கெடைக்காத போனு இன்னொருத்தனுக்குக் கெடச்சிருக்கு, அவன் புள்ளகுட்டியோட எங்கனயோ இருப்பான்னு சொல்லுவேன். பூசையில அவனுக்கும் சேத்துத்தான் வேண்டிக்குவேன்."

பிறகு நான் சொன்னது அவருக்குள் போய்ச் சேர்ந்தது. கத்தி நின்றது.

"கீழ வச்சிருந்தேன்னா என்ன அர்த்தம்? யாருகிட்டயும் பேசலையா?"

"இல்லம்மா."

"ஒருத்தர்கிட்டயும்?"

"ஒருத்தர்கிட்டயும் இல்ல. சத்தமா இருக்குன்னு எடுத்து வச்சேன்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் தெரியவில்லை. அந்தப் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்திருந்தபோது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை அப்போதுதான் கண்டேன். இத்தனை ஆண்டுகளாகக் காற்றின் மேல் போட்டிருந்த பழியை எடுத்து என் மேல் போட்டுக்கொள்ளத்தான் போயிருந்தேன். அதைச் செய்யும்போது, அவர் அதே ஆண்டுகளாக உயிரோடு வைத்திருந்த ஒரு மனிதனைக் கொன்றுவிட்டேன்.

சீவிய ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்டினார். எழுந்து உள்ளே போனார். காற்றுக்குக் கதவு அடித்துக்கொண்டது. உள்ளேயிருந்து வந்து அதைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.